ஆயாவின் கண்முடி ஆபரேஷனும் டிரக்கோமா கணக்கும்

வீட்டில் பெரியவர்கள் யாராவது கண்ணில் முடி குத்துகிறது என்று மாசக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தால், சொட்டு மருந்து வாங்கிக் கொடுத்துச் சமாளிக்காதீர்கள். பென்னாகரம் பக்கம் இருக்கும் எங்கள் ஆயா, முள் எடுக்கிற சாவணத்தால் இமை முடியைத் தானே பிடுங்கிக்கொள்வார். சில வாரம் நிம்மதி, அப்புறம் மறுபடி முளைத்துக் கருவிழியை உரசும். ஒரு தனியார் கிளினிக்கில் கண்புரை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள், இமையைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருந்த கண் மருத்துவ உதவியாளர்தான் மேல் இமையைப் புரட்டிப் பார்த்தார். உள்பக்கம் வெள்ளை வெள்ளையாகக் கோடுகள். வயசானால் பெரும்பாலும் கீழ் இமைதான் உள்ளே மடங்கும், இது மேல் இமை, தழும்பும் இருக்கிறது, சின்ன வயதில் திரும்பத் திரும்ப வந்த டிரக்கோமாவாக, அதாவது ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றும் கிருமியால் வரும் கண் நோயாக இருக்கலாம் என்றார். எனக்கு நம்பிக்கை வரவில்லை. 2024 அக்டோபரில்தானே இந்தியா இதை ஒழித்துவிட்டது என்று உலக சுகாதார நிறுவனமே சொன்னது?

கூட்டம் இல்லாத நேரம், அவர் உட்கார வைத்து விளக்கினார். ஒழித்தது என்று சொல்லப் பார்க்கும் கணக்கு இரண்டு. ஒன்று, 1 முதல் 9 வயதுக் குழந்தைகளின் மேல் இமையைப் புரட்டி, அரை மில்லிமீட்டராவது இருக்கும் கொப்புளங்கள் ஐந்துக்குக் குறையாமல் இருக்கிறதா என்று பார்ப்பது. அப்படி இருப்பவர்கள் நூற்றுக்கு 5 பேருக்குக் கீழே வர வேண்டும். அசித்ரோமைசின் என்ற கிருமிக்கொல்லி மருந்து, முகம் கழுவும் பழக்கம், தண்ணீர், கழிப்பறை எல்லாம் சேர்ந்தால் இது இறங்கிவிடும். 2017இல் வெளியான ஆய்வில், ஆபத்து அதிகமுள்ள மாவட்டங்களிலேயே 0.7 சதவீதம்தான் இருந்ததாம்.

இன்னொன்று ஆயா மாதிரி ஆட்கள். தழும்பு குழந்தையில் விழுந்தாலும் இமை சுருங்கி முடி உள்ளே திரும்புவதற்குப் பல வருஷம் ஆகும், அதனால் என்ன மாத்திரை கொடுத்தாலும் இந்த எண்ணிக்கை இறங்காது, ஆளைத் தேடிப்பிடித்து ஆபரேஷன் செய்தால்தான் இறங்கும். 15 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களில், சுகாதாரத் துறைக்கே தெரியாமல் இப்படி இருப்பவர்கள் ஆயிரத்துக்கு 2 பேருக்குக் குறைவாக இருந்தால் போதும். ஆபரேஷனுக்குத் தேதி கொடுக்கப்பட்டவரும், வேண்டாம் என்று மறுத்தவரும் 'தெரிந்தவர்' கணக்கு. ஆக, ஒழித்தது என்றால் ஒருத்தர்கூட இல்லை என்று யாரும் சொல்லவில்லை. பெண்களுக்குத்தான் இது அதிகம், குழந்தைகளின் கண்ணையும் மூக்கையும் துடைத்துவிடுவது அவர்கள்தானே. வீட்டிலேயே சாவணத்தோடு உட்கார்ந்திருக்கிற கிழவியை எந்தப் பதிவேட்டில் தேடுவது, சொல்லுங்கள்.

தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு எழுதிக் கொடுத்தார். ரத்த அழுத்தம், சர்க்கரை பார்த்த பிறகு, இமையில் மரத்துப்போக ஊசி போட்டு, உள்ளே திரும்பிய ஓரத்தை வெளிப்பக்கம் திருப்பித் தைத்தார்கள். அன்றைக்கே வீடு. வீக்கத்தைப் பார்த்து நாங்கள்தான் பயந்தோம், ஆயா சாதாரணமாக இருந்தார். தையல் பிரிக்கக் கட்டாயம் போக வேண்டும், முடி மறுபடி திரும்பலாம் என்பதால் பிறகும் காட்ட வேண்டும்.

இத்தனை காலம் உரசியதில் கருவிழியில் விழுந்த பூ போகாது என்று டாக்டர் முன்பே சொல்லிவிட்டார், ஆபரேஷன் மேற்கொண்டு கெடாமல் இருக்கத்தான். இன்னொரு கண்ணுக்கும் தேதி வாங்கியாச்சு, ராகி அறுப்பு முடியட்டும் என்று ஆயாதான் இழுக்கிறார்.