செம்மண் ஊர்ல ஒரு எம்.ஜி. டிடி

பழைய ஸ்போர்ட்ஸ் கார் வச்சிருக்கேன்னு சொன்னா மெட்ராஸ்ல இருக்கிற ஃப்ரெண்ட்ஸ் முதல்ல கேக்குறது "நல்ல கவர் வாங்கிப் போட்டியா?"ன்னுதான். இல்லன்னு சொன்னா என்னமோ புள்ளையப் பட்டினி போட்டவன் மாதிரி பாக்குறாங்க. காரைக்குடி, கானாடுகாத்தான் சுத்துப்பக்கத்துல அந்த கவர்தான் காருக்கு முதல் எதிரிங்கிறது என் கட்சி, ஏன்னு சொல்றேன்.

வண்டி எங்க ஐயா வாங்கினது, 1951 மாடல் எம்.ஜி. டிடி. இங்கிலாந்துல ஆபிங்டன்ல செஞ்சது, 1250 சிசி எஞ்சின், ரெண்டு எஸ்யூ கார்புரேட்டர். பாக்குறவங்க எல்லாரும் முழுக்க இரும்புன்னுதான் நினைப்பாங்க. சேஸிஸ் இரும்புதான், ஆனா பாடிக்கு உள்ள எலும்புக்கூடு பூரா ஆஷ்னு ஒரு சீமை மரம், அது மேல தகரத்தை மடிச்சு ஆணி அடிச்சிருக்கான். கால் வைக்கிற தளம் பிளைவுட். அதனால இந்த வண்டிக்கு துருவையும் பாக்கணும், கரையானையும் பாக்கணும். தேக்குன்னா கரையான் கொஞ்சம் யோசிக்கும், ஆஷ் மரத்துக்கு யோசிக்கவே யோசிக்காது. எங்க வீட்டுல பர்மா தேக்குத் தூண் எல்லாம் அப்படியே நிக்குது, பக்கத்துலயே மாங்கா மரப் பலகையில செஞ்ச பழைய பெட்டி மாவா கொட்டிருச்சு.

சரி, கவருக்கு வருவோம். எங்க தெருவுல சிக்ரியில வேலை பாத்து ரிட்டயரான சித்தப்பா ஒருத்தர் இருக்காரு. வெளியூர்க்காரங்களுக்கு, சிக்ரின்னா மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் குடுத்து 1948ல நேரு அடிக்கல் நாட்டி 1953 ஜனவரியில திறந்தது. துரு எப்படி ஏறுது, எப்படி நிறுத்துறதுங்கிறது அங்க பெரிய சப்ஜெக்ட்டு, கடல் காத்துல இரும்பு என்னாகுதுன்னு பாக்க மண்டபத்துல தனியா ஒரு இடமே வச்சு ஆராய்ச்சி பண்ணவங்க. அவர்கிட்ட கவர் பத்திக் கேட்டேன், அவரு சொன்னது "நனைஞ்சதால துரு ஏறலடா, காயாததாலதான் ஏறுது". காத்துல ஈரப்பதம் ஏறத்தாழ 60 சதவீதத்தைத் தாண்டினாலே சுத்தமில்லாத இரும்பு மேல கண்ணுக்குத் தெரியாத தண்ணிப் படலம் உக்காந்து வேலையை ஆரம்பிச்சிருமாம். நம்ம ஊர்ல சித்திரை வைகாசியில அந்தப் பிரச்சனை கம்மி, ஐப்பசி கார்த்திகையில ராத்திரி பூரா அதுக்கு மேலதான். அந்த நேரத்துல பிளாஸ்டிக் தார்ப்பாயைப் போட்டு இழுத்துக் கட்டினா தரையில இருந்து வர்ற ஈரம் வெளிய போக வழியில்லாம உள்ளயே கிடக்கும், தகரத்துக்கும் கேடு, மரத்துக்கும் கேடு.

அது போக செம்மண் தூசி. இது மெட்ராஸ் தூசி மாதிரி கிடையாது, செம்புரான் கல்லு அரைஞ்சு வர்ற பொடி, உள்ள குவார்ட்ஸ் மணல் இருக்கு, பெயிண்ட்டை விட கெட்டி. டிப்பர் ஒண்ணு முன்னாடி போனாப் போதும் பானட்டு மேல ஒரு கோட்டிங் விழுந்துரும். அது மேல கவரைப் போட்டு, காத்து அடிக்க அடிக்க கவரு அசைஞ்சு தேய்க்க, உப்புத்தாளை வச்சுத் தேய்ச்ச வேலைதான் நடக்கும். எங்க வண்டிக்கு பிற்பாடு அடிச்சது டூகோங்கிற பழைய வகை பெயிண்ட், இப்ப வர்ற பெயிண்ட் மாதிரி மேல நிறமில்லாத கிளியர் கோட் எல்லாம் கிடையாது, கீறல் விழுந்தா நேரா கலர்லதான்.

துடைக்கிறதுலயும் இதே கதைதான். வீட்டைப் பாத்துக்கிற அண்ணன் பாசக்காரரு, காலையில எந்திரிச்சதும் பழைய வேட்டித் துணிய எடுத்து காய்ஞ்ச தூசியோட சரக் சரக்குன்னு துடைச்சு பளபளன்னு ஆக்கிருவாரு. "அண்ணே தண்ணி ஊத்தாம துணி படக்கூடாது"ன்னு சொன்னா "தம்பி, உங்க ஐயா காலத்துல இருந்து நான்தான் துடைக்கிறேன்"ம்பாரு. அதுக்கு மேல என்ன பேச. இப்ப ஒரு ஒப்பந்தம், அவர் துடைக்கிறது கண்ணாடியும் முன்னாடி கிரில்லும் மட்டும், மத்தது நான் வந்து மேல இருந்து தண்ணிய ஓட விட்டு தூசி இறங்கினப்புறம் ஷாம்பு போட்டுக் கழுவிக்குவேன்.

கழுவுற தண்ணி முக்கியம். போர் தண்ணியில கழுவி வெயில்ல விட்டா வட்ட வட்டமா உப்புக் கறை, கருப்பு கலர்ல அது அசிங்கமாத் தெரியும். நம்ம வீடுகள்ல வளவு, அதாவது நடு முற்றத்தைச் சுத்தின ஓட்டுல இருந்து இறங்குற மழைத்தண்ணிய அண்டாவுல பிடிக்கிற வழக்கம் இருக்கே, அதுல கொஞ்சம் மூடி வச்சுக்கிட்டு கடைசி ஊத்து அதுல ஊத்துறேன். உப்பில்லாத தண்ணி, கறையே விழாது. அப்பத்தா இருந்திருந்தா பருப்பு வேகவைக்கிற தண்ணிய காருக்கு ஊத்துறியான்னு திட்டியிருப்பாக, நியாயம்தான்.

ஆனா மேல கழுவுறத விட கீழ கழுவுறதுதான் வண்டியக் காப்பாத்தும். டிடியில மட்கார்டும் பாடியும் சேர்ற இடத்துல இடுக்கை மூடுற மாதிரி நீளமா ஒரு பீடிங் பட்டை ஓடும். டயர் அடிக்கிற செம்மண் சேறு கீழ இருந்து போய் அந்த இடுக்குல அப்பிக்கும். மேல காய்ஞ்ச மாதிரி தெரியும், விரலை விட்டு நோண்டினா உள்ள பதமா, பிசைஞ்ச மாவு கணக்கா ஈரமா இருக்கும், எத்தனை நாளானாலும் இருக்கும். தகரம் ஓட்டை விழுறது அங்கதான், பெயிண்ட் பொங்கி வெளிய தெரியும்போது உள்ள ஒண்ணும் மிஞ்சியிருக்காது. மட்கார்டுக்குள்ள ஹோஸ் பைப்பை விட்டு வர்ற தண்ணி சிவப்பு போய் தெளியிற வரைக்கும் அடிக்கணும், அப்புறம் வெயில்ல கொஞ்ச தூரம் ஓட்டிட்டு வந்து நிறுத்தணும்.

டிங்கரிங் பட்டறையில அடியில தார் அடிச்சிருவோம்பாங்க, அடிக்காதீங்க. தார் வெடிச்சா அதுக்குள்ள தண்ணி போய் உக்காந்து மறைஞ்சு தின்னும். நம்ம லாரிக்காரங்க ஸ்பிரிங் பட்டைக்கும் சேஸிஸுக்கும் பழைய ஆயில் அடிக்கிறதுல ஒரு புத்தி இருக்கு, ஆனா அதுல தூசி ஒட்டும், கையெல்லாம் கரி. நான் போடுறது மெழுகு மாதிரி உள்ள போய்ப் படியிற ஸ்ப்ரே, சேஸிஸ் ஓட்டைகள் வழியா அடிக்கிறது, மழைக்கு முன்னாடி ஆவணியிலயே முடிச்சிருவேன்.

நிறுத்துற இடம் வீட்டுக்குப் பக்கத்துல பழைய வண்டிக் கொட்டகை. நாட்டு ஓடு, சுண்ணாம்புச் சுவரு, ரெண்டு பக்கமும் காத்து. சிமெண்ட் தளம் போட்டாச்சு, மண் தரையில நிறுத்தினா கரையான் டயர் வழியாவே மண் பூசிக்கிட்டு ஏறும். சுவர் ஓரமா மண் கோடு தெரியுதான்னு டார்ச் அடிச்சுப் பாக்குறது பழக்கமாயிருச்சு. சுவத்துல இருந்து தள்ளி நிறுத்தணும், விறகு அட்டைப்பெட்டி எதுவும் கிட்ட வைக்கக் கூடாது. மேல இருந்து தூசியும் வௌவால் எச்சமும் விழாம இருக்க, வண்டியத் தொடாத மாதிரி கயித்துல ஒரு காடாத் துணிய பந்தலாக் கட்டியிருக்கேன், இது கவர் இல்ல, சண்டைக்கு வராதீங்க.

டிடிக்கு ஏத்தி இறக்குற கண்ணாடியே கிடையாது, சைடு ஸ்கிரீன் மாட்டணும், மாட்டினாலும் மழை உள்ள வரும். நனைஞ்சா கார்ப்பெட்டை எடுத்து வெளிய போட்ருங்க, இல்லைன்னா பிளைவுட் தளம் ஊறிரும். கூரையா இருக்கிற மேல் துணிய ஈரத்தோட மடிக்கவே கூடாது, பூசணம் பிடிச்சா கறை போகாது. ஆயுத பூஜைக்கு பானட்டுல வைக்கிற சந்தனம் குங்குமமும் அப்படித்தான், இப்ப எங்க வீட்டுல பொட்டு முன் கண்ணாடிக்கு மட்டும்.

பெட்ரோல் பத்தி ஒரு வரி. இப்ப வர்ற இ20ல, அதாவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல்ல, இருக்கிற எத்தனால் ஈரத்தை இழுக்கும், மாசக்கணக்கா டேங்க்குல கிடந்தா டேங்க்கு உள்ளயே துரு. பிரேக் ஆயிலும் ஈரத்தை இழுக்கும், வீல் சிலிண்டர் ஜாம் ஆகும். ரெண்டுக்கும் மருந்து, வண்டிய சும்மா நிறுத்தாம ஓட்டுறதுதான், ஆயில் சூடாகுற அளவுக்கு, குன்றக்குடி போயிட்டு வர்ற தூரமாவது.

இப்ப கைவசம் இருக்கிற வேலை, டிரைவர் பக்கத்து கதவு பில்லர்ல கீழ் முனை கொஞ்சம் மக்கியிருக்கு. ஆஷ் மரத்துக்கு எங்க போறது. ஆசாரி தேக்குல செஞ்சு தர்றேங்கிறாரு, வளைவு இல்லாத துண்டுங்கிறதால எனக்கும் சம்மதம்தான், கரையான் பயமும் கம்மி. முனீஸ்வரன் கோயில் தெருப் பக்கம் இடிச்ச வீட்டு பர்மா தேக்கு வரும், தை பொறந்ததும் அவரையே கூட்டிட்டுப் போய் ஒரு துண்டு பாக்கணும். டிடி மாதிரி உங்க எம்.ஜி. டி சீரிஸ் வண்டிக்கு யாராவது தேக்குல பில்லர் மாத்தியிருந்தா திருகாணி பிடிப்பு எப்படி இருக்குன்னு சொல்லுங்க.