லோகோவில் நின்ற போன்: ஒரு கர்னல் நாட்குறிப்பு

அக்டோபர் 5, 2024, சனி

பழைய போனில் போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தள மென்பொருள் ஓட வேண்டும், அதற்காகத்தான் இத்தனையும். எங்கள் தெரு வாசகசாலையின் புத்தகப் பட்டியல் இருந்த கம்ப்யூட்டர் ஓய்ந்துவிட்டது, புதிது வாங்கப் பணம் இல்லை, என்னிடமோ ஓரம் விரிசல் விட்ட ஆண்ட்ராய்டு 13 போன் ஒன்று சும்மா கிடக்கிறது. டெபியன் லினக்ஸை அதில் க்ரூட்டாக, ஆண்ட்ராய்டுக்குள்ளேயே ஒரு தனிக் கோப்புறையில் ஓடும்படி, ஏற்றியாயிற்று. சிக்கல் என்னவென்றால், போஸ்ட்கிரெஸ் எழும்போது பழைய சிஸ்டம் ஃபைவ் முறையில் பகிர்வு நினைவகத்தில் ஒரு சிறு துண்டு கேட்கும், ஆண்ட்ராய்டின் மைய நிரலான கர்னலில் அந்த வசதியை, அதாவது கான்ஃபிக்_சிஸ்விஐபிசி என்பதை, அணைத்தே வைத்திருப்பார்கள். டெர்மக்ஸ் என்ற ஆண்ட்ராய்டு செயலியில் இதற்கென்று மாற்று நூலகம் உண்டு, டெபியனில் கிடையாது.

தன்னார்வலர் ஒருவர் அதை இயக்கிவைத்துத் தொகுத்த 5.10 கர்னல் கிடைத்தது. போன் எழும்போது படிக்கும் பூட் பார்ட்டிஷனில் அதை எழுதினேன், அதாவது ஃபிளாஷ் செய்தேன். லோகோ வரும், சில நொடியில் அணையும், திரும்ப லோகோ. கொஞ்ச நேரம் இப்படியே ஆடிவிட்டு லேப்டாப்பிலிருந்து கட்டளை வாங்கும் ஃபாஸ்ட்பூட் திரையில் வந்து நின்றுவிட்டது.

ஃபாஸ்ட்பூட் கெட்வார் ஆல் போட்டுப் பார்த்ததில் ஸ்லாட் ஏ-வின் (சிஸ்டம் இருக்கும் இரண்டு இடங்களில் ஒன்று) ரெட்ரை கவுன்ட் பூஜ்யம், அன்பூட்டபிள் என்றும் குறித்திருக்கிறது. இதைப் பார்த்துப் பலர் போன் செத்தது என்றே நினைத்துவிடுகிறார்கள். அப்படி இல்லை. ஒவ்வொரு ஸ்லாட்டுக்கும், கர்னலை ஏற்றிவிடும் பூட்லோடர் சில வாய்ப்புகள் தரும், அவை தீர்ந்ததும் கதவை மூடும், அவ்வளவுதான். செட்_ஆக்டிவ் ஏ என்று கொடுத்தால் கணக்கு மறுபடி தொடங்கும். முன்பே எடுத்து வைத்திருந்த, போனில் முழு உரிமை (ரூட்) தரும் மேஜிஸ்க் சேர்த்த அசல் பூட் இமேஜைத் திரும்ப எழுதினேன். போன் எழுந்தது.

சித்தப்பா மகன் போனில் சொன்னான்: "அண்ணா, டேட்டாவை அழிச்சிட்டு மறுபடி ஏத்திப் பாருங்க, சரியாயிடும்." எல்லாரும் முதலில் சொல்வது இதைத்தான், எனக்குக் கோபம் வருவதும் இதற்குத்தான். போன் எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று பார்க்க வேண்டாமா? லோகோவிலேயே திரும்பத் திரும்ப அணைகிறது என்றால் கர்னலோ, அது முதலில் ஓட்டும் நிரலான இனிட்டின் முதல்கட்டமோ விழுகிறது, டேட்டா பார்ட்டிஷனை அது இன்னும் தொடவே இல்லை. அனிமேஷன் வரை வந்து சுற்றினால் கதை வேறு, அப்போது பெரும்பாலும் ஏடிபி லாக்கேட் என்ற கட்டளையால் போனின் பதிவுகளை எடுத்தே பார்க்கலாம். இங்கே டேட்டாவை அழித்தால் படங்களும் டெபியனும் போகும், பிழை அப்படியே இருக்கும்.

அக்டோபர் 6, ஞாயிறு

இனி ஃபிளாஷ் செய்யப்போவதில்லை. ஃபாஸ்ட்பூட் பூட் என்று கொடுத்தால் இமேஜை நினைவகத்தில் மட்டும் ஏற்றி ஓட்டும், பார்ட்டிஷனில் எதையும் எழுதாது. சில பூட்லோடர்கள் இதை மறுக்கும், இந்தப் போன் ஏற்றுக்கொள்கிறது. அசல் இமேஜை மேஜிஸ்க்பூட் கொண்டு பிரித்து, கர்னலை மட்டும் மாற்றி, தொடக்கக் கோப்புகள் உள்ள ரேம்டிஸ்கைத் தொடாமல் கட்டினேன். இந்த வழியில் உள்ள நன்மை பெரிது: புதிய கர்னல் விழுந்ததும் போன் தானாகவே ரீபூட் ஆகி அசல் கர்னலில் எழுகிறது, விழுந்தவன் கடைசியாகச் சொன்னது பிஸ்டோரில் காத்திருக்கிறது.

சிஸ் எஃப்எஸ் பிஸ்டோர் கோப்புறைக்குள் கன்சோல்-ரேமூப்ஸ்-0 என்று ஒரு கோப்பு. ரேமில் ஒரு மூலையை ஒதுக்கி கர்னல் செய்திகளை அங்கே எழுதுவார்கள், மின்சாரம் அறுபடாமல் ரீபூட் ஆனால் அது அழியாது. அதனால் பொறுமை இழந்து பவர் பட்டனை நெடுநேரம் அழுத்தக் கூடாது, அழுத்தினால் சாட்சி போய்விடலாம். தானாக விழுந்து எழட்டும். படிக்க ரூட் வேண்டும்.

கோப்பின் கடைசியில் 'கர்னல் பேனிக், அட்டெம்ப்டட் டு கில் இனிட்'. இதைப் பிடித்துக்கொண்டு தேடினால் ஆயிரம் பேர் ஆயிரம் காரணம் சொல்வார்கள், ஏனென்றால் இனிட் எதனால் செத்தாலும் இந்த வரிதான் வரும். மேலே போக வேண்டும். போனேன். வென்டர் மாட்யூல் (போன் தயாரிப்பாளரின் டிரைவர் கோப்பு) ஒன்றின் பெயர், பக்கத்தில் 'டிஸ்அக்ரீஸ் அபௌட் வெர்ஷன் ஆஃப் சிம்பல் மாட்யூல்_லேயவுட்'. அடுத்து 'ஃபெயில்ட் டு லோட் கர்னல் மாட்யூல்ஸ்'. பேனிக் அதற்கும் பிறகுதான்.

அக்டோபர் 8, செவ்வாய்

ஆபீஸ் முடிந்து வந்து இரு கர்னல்களின் கான்ஃபிக்குகளை, அதாவது தொகுப்பு அமைப்புகளை, ஒப்பிட்டேன். அசல் கர்னலுடையது ப்ராக் கோப்புறையில் கான்ஃபிக்.ஜிஇஸட் ஆக இருக்கிறது. எழாத கர்னலுடையதை, கர்னல் மூலநிரலோடு வரும் எக்ஸ்ட்ராக்ட்-ஐகேகான்ஃபிக் ஸ்கிரிப்ட் வைத்து அந்த இமேஜிலிருந்தே எடுக்கலாம். வேறுபாடு சில வரிகள்தான், கண்ணில் பட்டது நான் கேட்ட அதே சிஸ்விஐபிசி.

ஜிகேஐ என்ற பொதுக் கர்னல் முறை வந்தபின் கர்னலின் மையம் கூகுளுடையது, டச், வைஃபை, சார்ஜர் போன்றவற்றின் டிரைவர்கள் போன் தயாரிப்பாளர் தனியாகத் தொகுத்த மாட்யூல்கள். இரண்டும் ஒரே கட்டமைப்பை நம்பி ஓடுகின்றன. சிஸ்விஐபிசியை இயக்கினால் டாஸ்க்_ஸ்ட்ரக்ட் என்ற அடிப்படைக் கட்டமைப்புக்குள் இரண்டு புதிய உறுப்புகள் நுழைகின்றன. தெருவின் நடுவே புதிதாக வீடு கட்டிக் கதவு எண்களை மாற்றிவிட்டு, தபால்காரரிடம் பழைய பட்டியலையே கொடுத்த கதை. கட்டமைப்பின் வடிவத்திலிருந்து கணக்கிடும் சிஆர்சி என்ற சரிபார்ப்பு எண் மாறுகிறது, மாட்யூல் ஏற மறுக்கிறது. 5.10க்குப் பின்னால் வரும் எண் வேறாக இருந்தாலும் பரவாயில்லை, சிஆர்சி இருக்கும் மாட்யூல்களில் அந்த எண்ணைக் கர்னல் பொருட்படுத்துவதில்லை. தளவமைப்புதான் ஒத்துப்போக வேண்டும்.

இந்த வெர்ஷன் சோதனையையே கர்னலில் எடுத்துவிடலாம் என்றும் ஒரு யோசனை சுற்றுகிறது. தயவுசெய்து வேண்டாம். சோதனை போனால் மாட்யூல் ஏறும், ஏறி, தவறான இடத்தில் படித்து, தவறான இடத்தில் எழுதும். பூட் ஆகாத போனைச் சரிசெய்யலாம், பூட் ஆகி அமைதியாகக் கோப்புகளைக் கெடுக்கும் போனை என்ன செய்வது? அதில் ஒரு நூலகத்தின் பட்டியலை எப்படி நம்பி வைப்பது?

அக்டோபர் 12, சனி

நேற்று ஆயுத பூஜை. லேப்டாப்புக்கும் சந்தனம் குங்குமம் வைத்தாயிற்று, அம்மா அதைத் திறக்க விடவில்லை. சரி, கர்னல் ஒருநாள் பொறுக்கட்டும்.

வழி ஒன்று இருக்கிறது, அழகான வழி. பின்னாளில் தேவைப்படும் என்று கூகுள் பொறியாளர்கள் டாஸ்க்_ஸ்ட்ரக்ட்டுக்குள்ளேயே ஆண்ட்ராய்டு_கேஏபிஐ_ரிசர்வ் என்ற பெயரில் 8 பைட் இடங்கள் சிலவற்றைக் காலியாக விட்டிருக்கிறார்கள். சிஸ்விசெம் என்ற உறுப்புக்கு 8 பைட் போதும், சிஸ்விஷெம் என்பதற்கு 16. மொத்தம் 24, மூன்று காலியிடம். இரண்டையும் அங்கே குடிவைத்தால் மற்ற எதுவும் நகராது, அதற்கென உள்ள மேக்ரோ சிஆர்சி கணக்கிலும் பழைய வடிவத்தையே காட்டும். எந்த இடம் இன்னும் காலி என்று மட்டும் தன் கர்னல் கிளையில் பார்த்துக்கொள்ள வேண்டும். மூலநிரலைத் தரச் சொல்லும் ஜிபிஎல் உரிமம் என்பதால் தன்னார்வலரின் மூலநிரல் திறந்தே இருந்தது, அதிலேயே திருத்தித் தொகுத்தேன். எல்டிஓ என்ற இணைப்புநேர மேம்பாட்டை தின் என்று வைத்தேன், முழு எல்டிஓவுக்கு என் லேப்டாப்பின் நினைவகம் போதாது. எல்டிஓவை முழுக்க அணைக்கக் கூடாது, 5.10இல் சிஎஃப்ஐ என்ற பாதுகாப்புச் சோதனை அதைச் சார்ந்தது, அது போனால் மாட்யூல் கட்டமைப்பே மாறி மறுபடி அதே மாட்யூல்_லேயவுட் வரிதான் வரும்.

ஃபாஸ்ட்பூட் பூட். லோகோ. அனிமேஷன். பூட்டுத்திரை! டச் வேலை செய்கிறது. கத்திவிட்டேன், அம்மா எட்டிப் பார்த்தார்.

வைஃபை மட்டும் இல்லை. கர்னல் செய்திகளைக் காட்டும் டிமெசேஜில் 'அன்நோன் சிம்பல்', பின்னால் எர்ரர் -2.

அக்டோபர் 13, ஞாயிறு

-2 என்றால் அந்தப் பெயரே கர்னலில் இல்லை என்று பொருள், முந்தையது போன்ற தளவமைப்புச் சண்டை அல்ல. ஜிகேஐ தொகுப்பில், மாட்யூல்களுக்கென வைத்த பட்டியலில் இல்லாத சிம்பல்களை, அதாவது அந்தப் பெயர்களை, கத்தரித்துவிடுவார்கள். நான் எடுத்த மூலநிரல் போனில் இருக்கும் கர்னலைவிடப் பழையது, இந்த வைஃபை மாட்யூல் கேட்கும் பெயர் அந்தப் பழைய பட்டியலில் சேரவில்லை. இந்தக் கத்தரிப்பை முடிவுசெய்யும் ட்ரிம்_நான்லிஸ்டட்_கேஎம்ஐ என்பதை 0 ஆக்கித் தொகுத்ததும் வைஃபை வந்தது.

காலையிலிருந்து ஃபாஸ்ட்பூட் பூட் மூலமே ஓட்டிப் பார்த்தேன்: கேமரா, சார்ஜ், ஹாட்ஸ்பாட், திரையை அணைத்து நெடுநேரம் தூங்கவிட்டு எழுப்புவது. இவை சரியான பிறகுதான் பூட் பார்ட்டிஷனில் எழுதினேன். டெவலப்பர் ஆப்ஷன்ஸில் தானியங்கி அப்டேட்டை அணைத்திருக்கிறேன், இல்லையென்றால் அடுத்த ஓடிஏ (இணையவழி) அப்டேட் மற்ற ஸ்லாட்டில் அசல் கர்னலோடு வந்து அமரும்.

டெபியனில் போஸ்ட்கிரெஸ் முதல் முறையிலேயே எழுந்தது. திருத்தத்தையும் பிஸ்டோர் கோப்பையும் அந்தத் தன்னார்வலருக்கு அனுப்பினேன், எந்தெந்த ரிசர்வ் எண்களை எடுத்தேன் என்று கேட்டார், சொன்னேன், அடுத்த வெளியீட்டில் சேர்ப்பதாகச் சொல்லியிருக்கிறார். புத்தகப் பட்டியலின் பேக்கப் வாசகசாலைச் செயலாளரிடம் பென்டிரைவில் இருக்கிறது, நாளை மாலை வாங்கி வந்து ஏற்ற வேண்டும்.