கோல்ஃப் வழி ஆங்கிலம்: ‘பார்’ ஒருவழியாகப் பிடிபட்டது

நெடுநாளாகக் கைக்கு அகப்படாமல் நழுவிக்கொண்டிருந்த ‘பார்’ (par) என்னும் ஆங்கிலச் சொல் இந்த வாரம் என் வசப்பட்டது. சரக்கு வருவது இன்னும் ஒரு வாரம் தள்ளிப்போகிறது என்று அலுவலகத்தில் வந்த மின்னஞ்சலுக்கு, ‘பார் ஃபார் த கோர்ஸ்’ (எதிர்பார்த்ததுதான்) என்று ஒரே வரியில் நான் மறுமொழி எழுத, எப்போதும் எண்ணி எண்ணிப் பேசும் எங்கள் மேலாளர் அதே சலிப்பும் அதே தோழமையுமாகப் பதில் எழுதினார். அகராதியைப் புரட்டாமல், தமிழில் யோசித்துப் பெயர்க்காமல், ஒரு மரபுத்தொடர் தானாக வந்து உரிய இடத்தில் அமர்ந்தது எனக்கு அதுவே முதல் முறை. அந்த மகிழ்ச்சியோடு, கோல்ஃப் வழியாக ஆங்கில மரபுத்தொடர்களைக் கற்க இதுவரை செய்தவற்றை எழுதி வைக்கிறேன்.

கோல்ஃப் தெரிந்தவர்களுக்காகவே எழுதுவதால் கிளப் (மட்டை) பிடிக்கும் முறை, நிற்கும் முறை ஆகியவற்றுக்குள் போகவில்லை. என் குறிப்பேட்டில் ஒவ்வொரு சொல்லுக்கும் மூன்று பத்திகள் உண்டு: மைதானத்தில் அது குறிப்பது, தெருவில், அதாவது அன்றாடப் பேச்சில், அது குறிப்பது, அதைச் சொல்பவரின் மனநிலை. முதல் இரண்டை எந்தப் புத்தகத்திலிருந்தும் நிரப்பிவிடலாம். மூன்றாவது பத்திதான் உயிர் வாங்குகிறது. மரபுத்தொடரின் பொருள் தெரிந்தும் அதைச் சொல்லத் தயங்குகிறோம் என்றால், அது பாராட்டா, சலிப்பா, ஆறுதலா என்பது நமக்கு உறுதியாகத் தெரியாததுதான் காரணம் என்பது என் முடிவு. அந்தப் பத்தி நிரம்பும்வரை எந்தத் தொடரையும் கற்றதாக நான் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை.

‘பார்’ இதற்குச் சரியான சோதனை. கோல்ஃபில் ஒரு குழியையோ சுற்றையோ முடிக்க நல்ல ஆட்டக்காரருக்கு ஆக வேண்டிய அடி எண்ணிக்கையே பார்; குறைவான அடிகளில் முடிப்பவரே வெல்கிறார். ஆகவே ‘அண்டர் பார்’ என்றால் நல்ல ஆட்டம், ‘ஓவர் பார்’ என்றால் மோசமான ஆட்டம். மைதானத்தை விட்டு வெளியே வந்தால் எல்லாம் தலைகீழாகிறது. ஒரு விடுதியின் சேவை ‘பிலோ பார்’ என்றால் அங்கே போகாதீர்கள் என்று பொருள். ‘அப் டு பார்’ என்றால் தரம் இருக்கிறது. ‘நாட் அப் டு பார்’ என்றால் இல்லை. இதில் மிகவும் குழப்பியது ‘சப்பார்’ என்ற சொல். கோல்ஃப் செய்தியில் ஒருவர் சப்பார் சுற்று ஆடினார் என்றால் அவர் கொண்டாடப்பட வேண்டியவர். அதே செய்தித்தாளின் வணிகப் பக்கத்தில் ஒரு நிறுவனத்தின் செயல்பாடு சப்பார் என்றால் அதன் பங்குதாரர்கள் கவலைப்பட வேண்டியவர்கள்.

இந்த முடிச்சு அவிழ்ந்தது பங்குச் சந்தையின் வழியாக. பங்கின் முகமதிப்பு 10 ரூபாய் என்று தமிழ் வணிக இதழ்களில் படிக்கிறோம் அல்லவா, அந்த முகமதிப்புக்கு ஆங்கிலத்தில் ‘பார் வேல்யூ’ என்று பெயர். லத்தீனில் ‘சமம்’ என்று பொருள்படும் இச்சொல் முதலில் பணத்தையும் பத்திரத்தையும் பற்றியே பேசியது. கோல்ஃப் பிற்பாடுதான் அதைக் கடன் வாங்கியது. கடன் வாங்கிய கதையும் சுவையானது. 1870-இல் ஸ்காட்லாந்தின் பிரெஸ்ட்விக் மைதானத்தில் ஓபன் போட்டி நடந்தது. அங்கே அப்போது 12 குழிகள். பிழையில்லாமல் ஆடினால் ஒரு சுற்றுக்கு எத்தனை அடி ஆகும் என்று ஏ.எச். டோல்மன் என்ற எழுத்தாளர் டேவிட் ஸ்ட்ராத், ஜேம்ஸ் ஆண்டர்சன் என்னும் இரு ஆட்டக்காரர்களைக் கேட்க, அவர்கள் 49 என்றார்கள். டோல்மன் அந்த எண்ணுக்குப் பங்குச் சந்தைச் சொல்லையே பெயராக வைத்தார். போட்டியின் மூன்று சுற்றுக்கு 147. இளைய டாம் மாரிஸ் 149 அடிகளில் முடித்து வென்றார். ஆக, ‘பார்’ என்ற அளவுகோலுக்கு இரண்டு அடி மிகுந்தும் அவரே வெற்றியாளர்.

இந்தக் கதை எனக்குத் தந்த தெளிவு இதுதான்: தெருவில் நடமாடும் ‘பிலோ பார்’ கோல்ஃபிலிருந்து வந்ததே அல்ல, பணத்தின் பக்கத்திலிருந்து வந்தது. பணத்தில் மதிப்புக் குறைந்தால் நட்டம். அதனால் தெருவிலும் அது குறைதான். கோல்ஃபிலிருந்து நேராக வந்தது ‘பார் ஃபார் த கோர்ஸ்’ மட்டுமே. முன்னிடைச் சொற்களைக் கவனித்தால் வேறுபாடு கண்ணுக்கே தெரிகிறது. ‘அண்டர்’, ‘ஓவர்’ இரண்டும் பெரும்பாலும் மைதானத்துக்கு உரியவை. ‘பிலோ’, ‘அப் டு’, ‘ஆன் எ பார் வித்’ ஆகியவை தெருவுக்கு உரியவை. உடல்நிலை சரியில்லை என்பதற்கு ‘அண்டர் பார்’ என்று சொல்லும் வழக்கம் மட்டும் இந்த வேலியைத் தாண்டி நிற்கிறது. அதை விதிவிலக்காகச் சிவப்பு மையில் எழுதி வைத்திருக்கிறேன்.

இனி மூன்றாவது பத்தி. ‘பார் ஃபார் த கோர்ஸ்’ என்பதை ‘எதிர்பார்த்ததுதான்’ என்று அகராதி சொல்லி முடித்துவிடும். ஆனால் நல்ல காரியத்துக்கு யாரும் இதைச் சொல்லிக் கேட்டதில்லை. தொடர்வண்டி ஒரு மணி நேரம் தாமதம், மழை தூறியதும் மின்சாரம் நின்றது, கூட்டம் மீண்டும் ஒத்திவைக்கப்பட்டது: இவற்றுக்கெல்லாம் பொருந்தும். மகள் வழக்கம்போல் வகுப்பில் முதலிடம் பெற்றாள் என்பதற்குச் சொன்னால் கேட்பவர் முகம் சுருங்கும். தோளைக் குலுக்கிக்கொண்டு ‘இது எப்போதும் நடப்பதுதானே’ என்று நாம் சொல்லும்போது குரல் சற்று இறங்குகிறதே, அந்த இறக்கம்தான் இத்தொடரின் பொருளில் பாதி. தொலைக்காட்சி வருணனைகளிலும் அலுவலகக் கூட்டங்களிலும் செவி கொடுத்து, கேட்ட இடங்களை எல்லாம் குறித்து வைத்த பிறகே இது உறுதியானது.

‘போகி’ என்ற சொல்லுக்கும் இப்படி ஒரு திருப்பம் உண்டு. இன்று பாரைவிட ஓர் அடி கூடுதல் என்று பொருள்படும் இது, 1890-களின் இங்கிலாந்தில் நல்ல ஆட்டக்காரர் எடுக்க வேண்டிய அடி எண்ணிக்கையையே குறித்தது. அக்காலப் பாட்டொன்றில் வரும் பூச்சாண்டியின் பெயரை, பிடிக்க முடியாத அந்த எண்ணுக்கு வைத்தார்கள். அமெரிக்கர்கள் பாரைக் கறாராகக் கணக்கிடத் தொடங்கியதும் போகி ஒரு படி கீழே இறங்கிவிட்டது. தெருவில் இதன் பயன் குறைவு என்பதால் இதற்கு மேல் இதில் நேரம் செலவிடவில்லை.

பாருக்கு அடுத்தபடியாக நான் முழுமையாகக் கற்றதாகக் கருதுவது ‘ஸ்டைமி’. இதற்குப் பயிற்சிப் பசும்புல் தரை நேரடியாகக் கைகொடுத்தது. என் பந்துக்கும் குழிக்கும் நடுவே நண்பரின் பந்தை வைத்துவிட்டு, அதை எடுக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு ஆடிப் பார்த்தோம். குழி நான்கடி தொலைவில் கண் முன்னே இருக்கிறது. நேர்க்கோடும் தெளிவாக இருக்கிறது. ஆனால் அந்த வெள்ளைப் பந்து அசையாமல் நிற்கிறது. சுற்றி உருட்டினால் சரிவு இழுத்துக்கொண்டு போகிறது. மேலே தாண்ட வைக்கலாம் என்று வெட்ஜ் என்னும், பந்தை உயரத் தூக்கும் மட்டையை எடுத்தால் பந்து குழிக்கு அப்பால் போய் விழுகிறது. நேருக்கு நேர் ஆடும் போட்டிகளில் பழைய விதி இதுவாகவே இருந்தது. இரு பந்துகளும் ஆறு அங்குலத்துக்குள் இருந்தால் மட்டுமே ஒன்றை எடுக்கலாம். அந்த ஆறு அங்குலத்தை அளக்க உதவும்படியே பல கோல்ஃப் சங்கங்களின் அடி எண்ணிக்கை அட்டைகள் அச்சிடப்பட்டன. 1930-இல் செயின்ட் ஆண்ட்ரூஸில் நடந்த பிரிட்டிஷ் அமெச்சூர் போட்டியில் பாபி ஜோன்ஸ், சிரில் டாலியை, சமநிலைக்குப் பின் கூடுதலாக ஆடிய 19-ஆம் குழியில் வென்றது இத்தகைய தடை ஒன்றினால்தான்; அந்த ஆண்டின் நான்கு பெரும் பட்டங்களையும் ஜோன்ஸ் வென்ற வரலாற்றில் இந்தக் குழியும் ஓர் அங்கம். 1952-இல் விதி நீக்கப்பட்டது. விளையாட்டில் செத்த சொல் செய்தித்தாளில் உயிரோடு இருக்கிறது: பேச்சுவார்த்தை ‘ஸ்டைமீட்’ ஆனது, திட்டம் நிதியின்றி ‘ஸ்டைமீட்’ ஆனது.

புல்தரையில் ஆடிப் பார்த்ததனால் இதன் மூன்றாவது பத்தி அன்றே நிரம்பியது. தோற்றுப்போனவரை ஸ்டைமீட் என்று சொல்வதில்லை. இலக்கு எட்டும் தொலைவில் இருந்தும், நடுவே ஒன்று வந்து நின்றதால் வழியின்றித் திகைப்பவரையே அப்படிச் சொல்கிறார்கள். ‘தடுக்கப்பட்டது’ என்று ஒற்றைச் சொல்லில் பொருள் எழுதும் கையகராதிகள் இந்த நுட்பத்தைக் கைவிட்டுவிடுகின்றன.

இங்கே ஒரு மனக்குறையைச் சொல்லியாக வேண்டும். கோல்ஃப் தந்த மரபுத்தொடர்கள் என்று சுற்றிவரும் பட்டியல்களில் பாதிக்குமேல் கோல்ஃபுக்குச் சொந்தமில்லாதவை. ‘அப் டு ஸ்க்ராட்ச்’ (வேண்டிய தரத்தில்) ஓட்டப் பந்தயத்திலும் குத்துச்சண்டையிலும் தரையில் கீறிய தொடக்கக் கோட்டிலிருந்து வந்தது. ‘பங்கர் மென்டாலிட்டி’ போர்க்களத்துப் பதுங்குகுழியிலிருந்து வந்தது. ‘ஹாண்டிகேப்’ தொப்பிக்குள் கைவிட்டுப் பண்டம் மாற்றும் பழைய விளையாட்டில் பிறந்து, குதிரைப் பந்தயம் வழியாகக் கோல்ஃபுக்கு வந்து சேர்ந்தது. ‘டு எ டீ’ (அச்சுப் பிசகாமல்) என்பதற்கும் பந்தை நிறுத்தும் டீக்கும் தொடர்பே இல்லை. கற்பவன் மைதானத்தை நினைத்து ஒரு தொடரை மனத்தில் பதிய வைக்கிறான். அந்தப் படமே தவறென்றால் தொனியும் தவறாகத்தான் பதியும். ஆகவே எந்தப் பட்டியலையும் சரிபார்க்காமல் குறிப்பேட்டில் ஏற்றுவதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன்.

உண்மையான ‘டீ அப்’ மிக அழகானது. மரத்தாலான டீ பரவுவதற்கு முன்பு, ஈர மணலைக் கையால் குவித்து அதன்மேல் பந்தை வைப்பது, ஆட்டக்காரரின் மட்டைப் பையைச் சுமக்கும் உதவியாளர்களான கேடிகளின் (caddie) வேலை. மரத்தாலான டீ ஒன்றுக்கு 1899-இல் காப்புரிமை பெற்றவர் பாஸ்டன் நகரத்துக் கறுப்பினப் பல் மருத்துவர் ஜார்ஜ் கிராண்ட். இன்னொருவர் அடிப்பதற்கு வாகாக எல்லாவற்றையும் எடுத்து வைப்பது என்ற பொருள் அந்த மணல் குவியலில் இருந்தே புரிந்துவிடுகிறது. கூட்டத்துக்கு முன்பு தரவுகளைத் திரட்டி வைக்கும் இளநிலை ஊழியரைப் பற்றி இத்தொடரைத் தயங்காமல் சொல்லலாம்.

பாட நூல்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. மரபுத்தொடர் புத்தகங்களுக்குப் பணம் செலவழிப்பதைவிட, கோல்ஃப் விதிகளை வகுக்கும் ஆர் அண்ட் ஏ அமைப்பு இணையத்தில் இலவசமாகத் தரும் கோல்ஃப் விதிநூலைப் படிப்பது நூறு மடங்கு மேல் என்பேன். 2019-இல் 34 விதிகளை 24 ஆகக் குறைத்து எளிய ஆங்கிலத்தில் திருத்தி எழுதினார்கள். ஆட்டக்காரர் பதிப்பில் படிப்பவரை நேராக ‘நீங்கள்’ என்று விளித்தே பேசுகிறார்கள். ‘மஸ்ட்’, ‘மே’, ‘ஷுட்’ மூன்றுக்கும் உள்ள வேறுபாட்டை இதைப்போல உறுதியாகக் கற்றுத்தரும் நூலை நான் கண்டதில்லை. ‘மஸ்ட்’ என்றதை மீறினால் தண்டனை அடி உண்டு, ‘மே’ என்றால் உங்கள் விருப்பம். பழைய ஆங்கில விளையாட்டு இதழ்களுக்குத் திருவல்லிக்கேணி பைகிராஃப்ட்ஸ் சாலையின் நடைபாதைக் கடைகளைத் தேடிப்போகலாம். விலை பேசப் பொறுமை வேண்டும், ஆனால் ஓரத்தில் யாரோ பென்சிலால் குறிப்பு எழுதிய இதழ் கிடைத்தால் அது இரட்டை லாபம். கிளப்புகளைப் பொறுத்தவரை எனக்குப் பழைய செவன் அயர்ன் ஒன்றே போதுமானதாக இருக்கிறது. முழு செட் வாங்கச் சொல்லி வற்புறுத்தும் விற்பனையாளர்களுக்குச் செவி சாய்க்க வேண்டியதில்லை.

‘மேட் த கட்’ பாதியில் நிற்கிறது. இரண்டு நாள், 36 குழிகள் முடிந்ததும் பின்தங்கியவர்களைக் கழித்துவிடும் கோடு அது. மாஸ்டர்ஸ் போட்டியில் முதல் 50 இடத்தில் இருப்பவர்களும் அவர்களோடு சமநிலையில் இருப்பவர்களும், ஓபனில் முதல் 70 இடத்தாரும் தாண்டுகிறார்கள். வேலைக்கான நேர்காணல் பட்டியல்களில் இதை அடிக்கடி பார்க்கிறேன். கோட்டைத் தாண்டியவர் இன்னும் எதையும் வென்றுவிடவில்லை என்ற நிதானம் இதில் இருக்கிறது என்று கருதுகிறேன். உறுதிப்படுத்த இன்னும் சில எடுத்துக்காட்டுகள் வேண்டும்.

அதை முடிப்பதற்கு முன்பே மனம் ‘இம்பெடிமென்ட்’ மீது பாய்ந்துவிட்டது. விதிநூலில் இலை, கல், சுள்ளி, விலங்கின் சாணம் போன்ற ஒட்டாத இயற்கைப் பொருள்கள் ‘லூஸ் இம்பெடிமென்ட்’. மனிதர் செய்த பொருள்கள் ‘அப்ஸ்ட்ரக்‌ஷன்’. மணலும் பனித்துளியும் இரண்டிலும் சேராது. பேச்சு ஆங்கிலத்தில் இந்தக் கறாரான பிரிவினை இல்லை என்றாலும், திக்குவாயை ‘ஸ்பீச் இம்பெடிமென்ட்’ என்றும் சாலை மறியலை ‘அப்ஸ்ட்ரக்‌ஷன்’ என்றும் சொல்வதில் அதன் சாயல் இருக்கிறதா என்று பார்க்க விரும்புகிறேன். கோடை விடுமுறையில் கொடைக்கானல் போகும்போது, 1895-இல் தொடங்கிய அங்குள்ள கோல்ஃப் கிளப்பின் மைதானத்தில் காட்டெருமைகள் மேய்ந்துவிட்டுப் போன புல்வெளியைப் பார்த்துக்கொண்டே இந்த அத்தியாயத்தைப் படிக்கத் திட்டம். அங்குள்ள கேடிகள் தமிழும் ஆங்கிலமும் கலந்து சொல்லும் சொற்களுக்கென்று குறிப்பேட்டில் நான்கு பக்கங்களை வெறுமையாக விட்டு வைத்திருக்கிறேன்.