கரோபுக்குக் கோகோ வேடம் எதற்கு?

சைப்ரஸின் லிமசோல் நகருக்குக் குடிவந்த முதல் ஆண்டில், கோகோவுக்கு மாற்று என்று உறையில் அச்சிட்டிருந்ததை நம்பிக் கரோப் என்ற மரத்தின் காயை அரைத்த தூளை வாங்கினேன். வழக்கமான கேக்கில் கோகோவை எடுத்துவிட்டு அதே அளவு கரோப் தூளைச் சேர்த்தேன், சர்க்கரையைக் குறைக்கவில்லை. விளிம்பெல்லாம் கருகி, நடுவில் திகட்டும் இனிப்போடு, சாக்லெட்டின் கசப்பு துளியும் இல்லாத ஒரு பண்டம் வந்து சேர்ந்தது. பிழை தூளினுடையது அன்று. கரோப் காயின் சதையில் கொழுப்பு மிகக் குறைவு. எடையில் ஏறத்தாழப் பாதி சர்க்கரையே. கோகோவைப் போல் நடத்தினால் அது கருகத்தான் செய்யும்.

இந்தத் தீவில் கரோபை யாரும் சாக்லெட்டோடு ஒப்பிட்டுப் பார்த்ததாகத் தெரியவில்லை. புளிய மரத்தைப் போல் இதுவும் அவரைக் குடும்பத்து மரம். வறண்ட மலைச்சரிவுகளில் தானாக நிற்கும். ஆகஸ்ட் இறுதியில் கரும்பழுப்பாக முற்றிய காய்களைக் கோலால் அடித்து உதிர்ப்பார்கள். ஏற்றுமதியில் அது ஈட்டித்தந்த பணத்தால் ஒரு காலத்தில் 'கறுப்புத் தங்கம்' என்றே பெயர் பெற்றது. லிமசோல் கோட்டைக்குப் பக்கத்தில் இருக்கும் பழைய கரோப் ஆலை இப்போது அருங்காட்சியகமாகிவிட்டது.

பக்கத்து வீட்டு மூதாட்டி எனக்குக் கற்றுத்தந்தது பாகு காய்ச்சும் முறை. அரைக் கிலோ காயைக் கழுவி, சிறு துண்டுகளாக உடைத்து, கல்லைப் போன்ற விதைகளைப் பொறுக்கிவிட்டு, இரண்டு லிட்டர் பச்சைத் தண்ணீரில் ஒரு நாள் முழுக்க ஊறவைக்க வேண்டும். பிறகு துணியில் வடிகட்டி, அந்தப் பழுப்பு நீரை அகலமான பாத்திரத்தில் மிதமான தீயில் சுண்டக் காய்ச்ச வேண்டும். சர்க்கரை ஒரு சிட்டிகைகூடத் தேவையில்லை. பதநீர் காய்ச்சுவதைச் சிறுவயதில் பார்த்தவர்களுக்கு இதில் புதிதாக ஒன்றும் இருக்காது. நுரை சிறுத்து, கரண்டியிலிருந்து தேன் போல் கனத்து ஒழுகும்போது இறக்கிவிட வேண்டும். ஆறியபின் இன்னும் இறுகும் என்பதை மறந்து நான் முதல் முறை காய்ச்சியது, குப்பியிலிருந்து வெளியே வர மறுத்துவிட்டது. அனோகிரா என்ற ஊரில் பாகை வேண்டுமென்றே இறுகக் காய்ச்சி, கருநிறம் மாறிப் பொன்னிறமாகும்வரை இழுத்து இழுத்துப் 'பஸ்தெலி' என்ற மிட்டாய் செய்கிறார்கள்.

லெபனானில் இந்தப் பாகை எள் விழுதோடு குழைத்து ரொட்டியில் தொட்டுச் சாப்பிடுவார்கள். முதல் வாயிலேயே எனக்கு எள்ளுருண்டை நினைவுக்கு வந்தது. கருப்பட்டியின் கருகல் வாசனையும் லேசான துவர்ப்பும் கரோபில் அப்படியே இருக்கின்றன. அன்றுமுதல் எங்கள் வீட்டுக் கேழ்வரகுக் கூழுக்கு இதுதான் இனிப்பு. கொதிக்கும் பாலில் மட்டும் ஊற்ற வேண்டாம்: வெல்லத்தைப் போலவே ஒருமுறை பாலைத் திரித்துவிட்டது. பாலை இறக்கிச் சற்று ஆறவிட்டுக் கலந்தால் தொல்லை இல்லை.

கோடையில் நான் செய்யும் பானம், எகிப்தில் ரமலான் மாதத்தில் அருந்துவது. சர்க்கரையை வாணலியில் பழுப்பாக உருக்கி, உடைத்த காய்களை அதில் புரட்டி, நீர் ஊற்றிக் கொதிக்கவிட்டு, இரவு முழுக்க அப்படியே வைத்து, காலையில் வடித்துக் குளிரவைக்க வேண்டும். கஃபீன் இல்லாததால் குழந்தைகளுக்கும் தாராளமாகக் கொடுக்கலாம்.

தூளை நான் ஒதுக்கிவிடவில்லை. வெந்நீரில் விழுதாகக் குழைத்த பிறகே மாவில் சேர்க்கிறேன், சர்க்கரையைப் பாதியாக்குகிறேன், அடுப்பின் சூட்டையும் குறைக்கிறேன். ஏலக்காய் அதற்கு நன்றாகப் பொருந்துகிறது.

மிஞ்சுவது விதைகள்தாம். வைரத்தை நிறுக்கும் காரட் அளவுக்குப் பெயர் தந்தவை இவை. எல்லாம் ஒரே எடை என்ற பழங்கதையை நம்ப வேண்டாம், மற்ற விதைகளைப் போல் இவையும் கூடிக் குறைந்தே இருக்கும். ஆலைகளில் இவற்றிலிருந்து ஐஸ்கிரீமைக் கெட்டிப்படுத்தும் பசை எடுக்கிறார்கள். என் மிக்ஸிக்கு அந்த வலிமை இல்லை. ஆகவே இந்த ஆண்டு விதைகளைக் கழுவிக் காயவைத்திருக்கிறேன். புளியங்கொட்டை கிடைக்காத ஊரில் என் மகளின் பல்லாங்குழிக்கு அவை உதவுகின்றன.