மண்டபம் முகாமின் பழைய காகிதங்களைத் தேடி அலைந்த கதை

இலங்கைத் தோட்டங்களுக்குப் போன நம் முன்னோர்களை ராமேசுவரம் பக்கம் மண்டபத்தில் அடைத்துவைத்து, அம்மை குத்தி, நோயில்லை என்று பார்த்த பிறகுதான் கப்பலேற்றினார்கள். 1920-களில் அப்படிப் போனவர் என் கொள்ளுத்தாத்தா. அவர் காலத்து முகாம் பற்றிய பதிவுகளைத் தேடி ஓர் ஆவணக் காப்பகத்துக்குப் போனேன்.

'இலங்கை அரசு நடத்திய தனிமைப்படுத்தும் முகாம்' என்று தெளிவாகவே எழுதிக் கொடுத்தேன். எழுத்தர் படித்துவிட்டு, "மண்டபம் ராமநாதபுரத்துலதானே இருக்கு, அப்புறம் எப்படி இலங்கை அரசு?" என்று அந்த வரியை அடித்துவிட்டு, மாவட்டச் சுகாதாரக் கோப்புகளுக்கு அனுப்பினார். அங்கே காலராவும் பெரியம்மையும் கட்டுக்கட்டாக இருந்தன. முகாம் மட்டும் இல்லை. நாள்கள் வீணானதை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

அவருக்குத் தெரியாத விஷயம் இதுதான்: தோட்டங்களுக்குத் தொற்று வரக்கூடாது என்று இலங்கை அரசே நம் மண்ணில் முகாம் போட்டிருந்தது. முதலில் தூத்துக்குடி அருகே தட்டப்பாறையில் இருந்தது. 1914-இல் பாம்பன் பாலமும் தனுஷ்கோடி–தலைமன்னார் கப்பலும் வந்த பிறகு மண்டபம்தான் வாசல். அதனால் இதைச் சுகாதாரத்தில் தேடாதீர்கள். குடியேற்றம், தொழிலாளர் என்ற தலைப்புகளில் கேளுங்கள்.

வேறொரு வயதான ஊழியர்தான் வழி காட்டினார். இலங்கையிலிருந்த இந்திய அரசின் முகவர் ஆண்டுதோறும் எழுதிய அறிக்கைகளை எடுத்துத் தந்தார். அதில் ஆள்களின் பெயர் இல்லை, எண்ணிக்கைதான். ஆனாலும் தாத்தா போன வருடத்துப் பக்கங்களைக் கையில் பிடித்தபோது கண் கலங்கிவிட்டது. நகல் எடுக்கத் தனி விண்ணப்பம் வேண்டும், அதை முதல் நாளே கொடுத்துவிடுங்கள்.

முகாமை நேரில் பார்க்க நினைப்பவர்களுக்கு: அது இப்போது இலங்கை அகதிகள் வாழும் இடம். "சும்மா வாங்க, பார்க்கலாம்" என்று ஒருவர் போனில் சொன்னதை நம்பிப் போய், வாசலோடு திரும்பினோம். எழுத்தில் அனுமதி கையில் இல்லாமல் கிளம்பாதீர்கள். அங்கே இருப்பவர்களின் வீடுகளைப் படம் பிடிக்கவும் வேண்டாம்.

தனி ஆளைத் தேட வேண்டுமானால் பெயர் போதாது, தோட்டமும், ஆள்களைத் திரட்டிக் கூட்டிப்போன கங்காணியும் தெரிய வேண்டும். வீட்டில் பெரியவர்கள் சொல்லும் தோட்டப் பெயர் பதிவேட்டில் இருக்காது, அங்கே ஆங்கிலப் பெயர்தான். தோட்டத் தமிழர்களை இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பச் செய்துகொண்ட 1964 இந்திய–இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு திரும்பிவந்த அத்தையின் குடும்ப அட்டையில்தான் (ரேஷன் அட்டை இல்லை, திரும்பிவந்தவர்களுக்குக் கொடுத்த அட்டை) எங்களுக்கு அந்த ஆங்கிலப் பெயர் கிடைத்தது. அந்த அட்டை உங்கள் வீட்டில் இருந்தால் இன்றைக்கே நகல் எடுத்து வையுங்கள்.