எலியின் சிறுநீரில் அப்பிஜெனினைத் தேடியபோது

பார்ஸ்லி, செலரி, சீமைச் சாமந்தியில் இருக்கும் அப்பிஜெனின் என்ற சேர்மம் எலியின் உடலில் என்னவாக மாறுகிறது என்பதுதான் என் முனைவர் பட்ட ஆய்வு. இதே வகை வேலையைத் தொடங்கப்போகிறவர்களுக்காக, எனக்கு மூன்று மாதம் போன இடத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

அப்பிஜெனின் டோஸ் கொடுத்த எலிகளின் சிறுநீரை எல்சி-எம்எஸ்ஸில் (கலவையைப் பிரித்து, ஒவ்வொன்றின் எடையையும் அளக்கும் கருவி) நெகட்டிவ் மோடில், அதாவது எதிர்மின் அயனிகளாக, ஓட்டினேன். 445.0776 எடையில் பெரிய பீக். அப்பிஜெனின் அயனி 269.0455; வெளியேற்றுவதற்காக உடல் ஒட்டிவிடும் குளுக்குரோனிக் அமிலம் சேர்ந்து குளுக்குரோனைடு ஆனால் 176.0321 கூடும். கணக்கு அச்சாகப் பொருந்தியது. நோட்டில் 'குளுக்குரோனைடு' என்று எழுதியும்விட்டேன். கைடு கேட்டது ஒன்றுதான்: "டோஸ் குடுக்கறதுக்கு முந்தின நாள் சிறுநீரை ஓட்டினியாப்பா?"

ஓட்டவில்லை. ஃப்ரீசரில் இருந்த குப்பியை எடுத்து ஓட்டினேன். அதே நிமிடத்தில், அதே 445.0776.

தீவனத்தில் சோயா இருந்தது. சோயாவின் ஜெனிஸ்டீனிலும் அப்பிஜெனினிலும் ஒரே கணக்கு: 15 கார்பன், 10 ஹைட்ரஜன், 5 ஆக்சிஜன். எத்தனை தசமம் வரை அளந்தாலும் எடையை வைத்து இவற்றைப் பிரிக்க முடியாது. கருவிக்குள் உடைத்துத் துண்டுகளைத்தான் பார்க்க வேண்டும். அப்பிஜெனின் உடைந்தால் 117 எடையுள்ள துண்டு வரும், ஜெனிஸ்டீனில் 133. என் பெரிய பீக்கில் 133 ஓங்கி நின்றது. 117 தந்த நிஜமான பீக், அதன் தோளில் ஒட்டிக்கொண்டு சின்னதாக இருந்தது. சோயா இல்லாத தீவனத்துக்கு எலிகளை மாற்றி, ஒரு வாரம் விட்டு, முதலிலிருந்து செய்தேன். ஆகவே தீவன மூட்டையில் என்ன எழுதியிருக்கிறது என்பதை முதல் நாளே படித்துவிடுங்கள்.

அப்புறம் இன்னொன்று. 269 தெரிந்தால் உடனே 'மாறாத அப்பிஜெனின்' என்று எழுதாதீர்கள். குளுக்குரோனைடு கருவியின் அயனி மூலத்திலேயே (மாதிரி அயனியாகும் இடம்) உடைந்து 269 தரும். 445-உம் 269-உம் ஒரே நிமிடத்தில் வெளிவந்தால் அது உடைந்த துண்டாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். தனி அப்பிஜெனின் ரிவர்ஸ்டு ஃபேஸ் பிரிப்புக் குழாயிலிருந்து (column) பிந்தித்தான் வரும். ஸ்டாண்டர்டு (சுத்தமான அப்பிஜெனின்) ஓட்டி அந்த நேரத்தைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

குளுக்குரோனிக் அமிலத்துக்குப் பதில் சல்ஃபேட்டோ மெத்திலோ ஒட்டினால் எடை எவ்வளவு கூடும் (79.9568, 14.0157) என்பதை முன்கூட்டியே அட்டவணை போட்டுக்கொண்டால் போதும்.

நொதிச் சோதனையை மட்டும் விட்டுவிடாதீர்கள். குளுக்குரோனிக் அமிலத்தை வெட்டும் நொதியான குளுக்குரோனிடேஸ் போட்டதும் 445 இறங்கி 269 ஏற வேண்டும்; நொதி போடாத குழாய் ஒன்றும் பக்கத்தில் இருக்கட்டும். நத்தையிலிருந்து எடுக்கும் நொதியில் சல்ஃபேட்டை வெட்டும் சல்ஃபட்டேஸும் கலந்திருக்கும் என்பதால் நான் இ.கோலை பாக்டீரியாவின் நொதியையே வாங்கினேன்.

இவ்வளவுக்குப் பிறகும், குளுக்குரோனிக் அமிலம் அப்பிஜெனினின் எந்த ஹைட்ராக்சிலில் (OH) ஒட்டியிருக்கிறது என்பதை என் தரவு சொல்லவில்லை. அதற்கு, ஒட்டிய இடம் தெரிந்த குளுக்குரோனைடு ஸ்டாண்டர்டோ என்எம்ஆரோ (மூலக்கூறின் அமைப்பைக் காட்டும் அளவீடு) வேண்டும். 'மோனோகுளுக்குரோனைடு, இடம் உறுதியாகவில்லை' என்றே தீசிஸில் எழுதினேன். வைவாவில் (வாய்மொழித் தேர்வு) முதல் கேள்வியே அதைப் பற்றித்தான். ஸ்டாண்டர்டு கிடைக்கவில்லை என்று உள்ளதைச் சொன்னேன். சரி என்று சொல்லி அடுத்த பக்கத்துக்குப் போனார்கள்.