பிறர் அறிந்த நான்

எங்கள் ராயபுரத் தெருவில் என்னை எதற்கும் கலங்காதவள் என்கிறார்கள். மழைநீர் வீடுகளுக்குள் புகுந்த இரவில் பக்கத்து வீட்டுப் பெரியம்மாவை நான் மாடிக்கு அழைத்துச் சென்றதை அவர்கள் பார்த்தார்கள், என் நெஞ்சு அடித்துக்கொண்டதை அறிய அவர்களுக்கு வழியில்லை. அமெரிக்க உளவியலாளர்களான ஜோசப் லுஃப்ட்டும் ஹாரிங்டன் இங்காமும் 1955இல் முன்வைத்த ‘ஜோஹாரி சாளரம்’ ஒருவரை நான்கு பகுதிகளாகக் காண்கிறது: தானும் பிறரும் அறிந்தது, தான் மட்டும் அறிந்தது, பிறர் மட்டும் அறிந்தது, எவரும் அறியாதது. என் பதற்றம் இரண்டாவதைச் சேர்ந்தது. என்னை ஈர்ப்பது மூன்றாவதுதான். பதற்றத்தை நாமே நன்கு அறிவோம் என்றும், அறிவுத்திறன் போன்றவற்றைப் பிறரே சரியாக மதிப்பிடுகிறார்கள் என்றும் உளவியலாளர் சிமின் வசீர் 2010இல் வெளியிட்ட ஆய்வு கூறுகிறது. ஆகவே, என் மாலை வகுப்புக்குப் பிள்ளைகளை அனுப்பும் காசிமேட்டுத் தாய்மார்கள் “நீ சொல்லிக் கொடுத்தா புரியுதும்மா” என்று கூறும்போது, என் தயக்கத்தைவிட அவர்களுடைய சொல்லையே நம்ப விரும்புகிறேன்.